அன்று தமிழ்க் குரல், இன்று தமிழ்க் கை: சுட்டி டிவி தலைமுறையும் யூடியூப் தலைமுறையும்

தஞ்சைக் கடற்கரை ஊரான அதிராம்பட்டினத்தில் இன்று இருபத்தைந்து முப்பது வயதில் இருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கட்டத்தில் சுட்டி டிவிக்கு வந்துவிடும். ஒருவர் டோரா என்பார், இன்னொருவர் புஜ்ஜி என்பார், மூன்றாமவர் "குள்ளநரி திருடக்கூடாது" என்று குரலை மாற்றிச் சொல்வார். துபாயில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்தவர், காதிர் முகைதீன் கல்லூரியில் படித்து முடித்து ஊரிலேயே கடை வைத்திருப்பவர் என்று யாராக இருந்தாலும் கடைசியில் வந்து நிற்கும் வாக்கியம் ஒன்றுதான்: "அப்ப வந்த கார்ட்டூன் மாதிரி இப்ப எங்க வருது?"

இது வெறும் வயதின் ஏக்கம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏக்கத்துக்குள் ஒரு மதிப்பீடு இருக்கிறது. அது சரியா என்று பார்க்க, இரண்டு காலத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் 2007 முதல் ஏறக்குறைய 2015 வரை சுட்டி டிவி வழியாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தவை. மறுபக்கம் இன்று அதே தெருக்களில் கைபேசி வழியாக வருபவை. ஒப்பீடு நேர்மையாக இருக்க, ஒரே வயதுப் பிள்ளைகளுக்கானவற்றையே சேர்த்து வைக்கிறேன். மூன்று நான்கு வயதுக்கு டோராவும் சூசூ டிவியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஜாக்கி சானும், சோட்டா பீம், மோட்டு பட்லு வகையும்.

வந்து சேர்ந்த வழி

இந்த ஊருக்குக் கார்ட்டூன் முதலில் வேற்று மொழியில்தான் வந்தது. 1982-ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினித் தொலைக்காட்சி, பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் ஆன்டெனாவை உயரமாக நட்டிருந்த வீடுகளில் தெரியும். டைட்டஸ் தொட்டவத்த அந்த நிலையத்துக்காகச் சிங்களத்தில் குரல் மாற்றித் தந்த கார்ட்டூன்கள் இலங்கையில் பெரும் புகழ் பெற்றவை. இந்தக் கரையில் பார்த்தவர்களுக்குப் படம் புரியும், பேச்சு புரியாது. 1993-ல் தூர்தர்ஷனில் மௌக்லி வந்தபோது மொழி இந்திக்கு மாறியது, நிலைமை மாறவில்லை. தமிழில் அயல்நாட்டுப் படக்கதை வேண்டுமென்றால் புத்தகத்தில்தான் கிடைத்தது. 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. பிறகு கார்ட்டூன் நெட்வொர்க் தமிழில் பேசத் தொடங்கியது, ஆனால் அதைப் பார்க்கக் கேபிள் இணைப்பும் வண்ணப் பெட்டியும் வேண்டும்.

2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது. அது தொடங்கிய எட்டு மாதத்துக்குள், 2007 ஏப்ரல் 29 அன்று, சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கியது. பிள்ளைகளுக்காக மட்டும், நாள் முழுக்க, தமிழிலேயே ஓடும் தொலைக்காட்சி அது. உப்பளத்தில் வேலை செய்பவர் வீட்டிலும் வெளிநாட்டுப் பணம் வரும் மாடி வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே டோரா ஓடியதற்கு இந்த இரண்டும் அடுத்தடுத்து வந்ததே காரணம். முந்தைய எந்தத் தலைமுறைக்கும் இப்படி ஒரு பொதுச் சொத்து அமையவில்லை.

இன்றைய வழி வேறு. 2013-ல் சென்னையில் வினோத் சந்தரும் நண்பர்களும் சூசூ டிவி என்ற யூடியூப் சேனலைத் தொடங்கினார்கள். தன் மகளின் செல்லப் பெயரையே அதற்கு வைத்தார் அவர். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலையைச் சரித்தது. அதன் பிறகு பெட்டி இருக்கும் அறைக்குப் பிள்ளை போக வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. உம்மாவின் (அம்மாவின்) கைபேசி எங்கே இருக்கிறதோ அங்கே கார்ட்டூன் இருந்தது.

மொழி

சுட்டி டிவியில் பிள்ளைகள் விரும்பிப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அயல்நாட்டுச் சரக்கு. டோராவை 2000-ல் அமெரிக்காவின் நிக்கலோடியன் வெளியிட்டது. ஜாக்கி சானின் சாகசங்களும் அதே ஆண்டில் அதே நாட்டில் தொடங்கி 2005 வரை 95 பகுதிகளாக ஓடியது. மூலத்தில் ஆங்கிலம் பேசும் டோரா ஸ்பானிஷ் சொற்களைக் கற்றுத் தருவாள். இங்கே அவள் தமிழ் பேசி ஆங்கிலச் சொற்களைக் கற்றுத் தந்தாள். கதை நடக்கும் காடும் மலையும் நம்முடையவை அல்ல. குரல் மட்டும் நம்முடையது.

அந்தக் குரல் செய்த வேலை பெரிது. அதிரை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் அதிராம்பட்டினத்தில் ஒரு பிள்ளை வீட்டில் ராத்தா, காக்கா, வாப்பா என்று பேசும். பெட்டியில் அக்கா, அண்ணா, அப்பா என்று கேட்கும். தன் தெருவுக்கு வெளியே இன்னொரு தமிழ் இருக்கிறது, அதிலும் கதை சொல்ல முடியும் என்று அந்தப் பிள்ளைக்கு அங்கேதான் தெரிந்தது. அதைவிட முக்கியமானது, இருபது நிமிடம் தொடர்ந்து ஓடும் கதை "அதுக்கு முன்னாடி", "அதனாலதான்", "ஒருவேளை அவன் வரலேன்னா" என்ற இணைப்புகள் இல்லாமல் நகராது. ஒன்றன் பின் ஒன்றாகக் காரணத்தையும் விளைவையும் கோத்துப் பேசும் தமிழ் அது. பிள்ளைகள் கதாபாத்திரத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. வாக்கியத்தின் கட்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். சூசூ டிவியைச் செய்வது சென்னைக் கைகள். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பிள்ளைகள் பார்க்கும் வேலை நம்மிடமிருந்து போகிறது என்பது பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அதற்குப் புகழ் தேடித் தந்தவை ஆங்கில நர்சரிப் பாடல்கள். தமிழுக்குத் தனிச் சேனல் இருக்கிறது. பெங்களூரு இன்ஃபோபெல்ஸ் நிறுவனத்தின் சுட்டி கண்ணம்மாவும் தமிழில் பாடுகிறாள், நன்றாகவே பாடுகிறாள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பாட்டுகள். பாட்டு ஒரு பிள்ளைக்குச் சொல்லையும் தாளத்தையும் தரும். கதை தரும் வாக்கியத்தை அது தராது. ஆக, அன்று கை அயலாருடையது, குரல் தமிழ். இன்று கை தமிழருடையது, தமிழில் நீளமாகக் கதை சொல்லும் குரல்தான் குறைவு.

வேகம்

டோராவின் ஒரு பகுதியைப் பிரித்துப் பார்ப்போம். தொலைந்த ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது ஓரிடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வரைபடம் வழியைச் சொல்லும். பெரும்பாலும் மூன்று இடங்கள்: ஒரு பாலம், ஒரு காடு, ஒரு மலை என்பது போல. அந்த மூன்றையும் பிள்ளைகள் வாய்விட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். வழியில் குள்ளநரி வரும், அதை முதலில் பார்ப்பது பிள்ளைதான், டோரா அல்ல. பிறகு டோரா நேராக நம்மைப் பார்த்துக் கேட்பாள். கேட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சும்மா நிற்பாள். திரையில் எதுவும் நடக்காது. அந்தச் சில நொடிகள் பார்க்கும் பிள்ளைக்கென்றே விட்டுவைத்தவை. வளர்ந்தவர்களுக்கு எரிச்சல் தரும் அந்த மௌனம் திட்டமிட்டு வைத்தது. 1996-ல் வந்த புளூஸ் குளூஸ் என்ற நிகழ்ச்சியைச் செய்தவர்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பதில் யோசிக்க நேரம் வேண்டும் என்பதைப் பிள்ளைகளை வைத்தே சோதித்து உறுதி செய்தார்கள். டோரா அந்த வழியில் வந்தவள்.

இதற்கு எதிரே இன்றைய பெருநிறுவனங்களின் முறையை வையுங்கள். கோகோமெலன் நிகழ்ச்சியை வைத்திருக்கும் மூன்பக் நிறுவனம் லண்டனில் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு சோதனை நடத்துவதை 2022-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பிள்ளைக்கு எதிரே ஒரு திரையில் கார்ட்டூன். சற்றுத் தள்ளி இன்னொரு சிறு திரையில் வீட்டில் நடக்கும் சாதாரண வேலைகள்: யாரோ காபி ஊற்றுகிறார், யாரோ முடி வெட்டிக்கொள்கிறார். பிள்ளையின் கண் எந்த நொடியில் கார்ட்டூனை விட்டு அந்தப் பக்கம் போகிறதோ, அந்த நொடி குறித்துவைக்கப்படும். கவனம் தப்பிய இடம் அது.

இரண்டுமே பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனைகள்தான். புளூஸ் குளூஸ் செய்தவர்கள் பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்த்தார்கள். இங்கே பிள்ளை பார்வையைத் திருப்பியதா என்று பார்க்கிறார்கள். இரண்டு காலத்துக்கும் உள்ள மிக ஆழமான வேறுபாடு இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒரு பிள்ளை திரையிலிருந்து கண்ணை எடுத்து, உம்மா என்ன செய்கிறாள் என்று பார்ப்பது குறை அல்ல. அது வளர்ச்சி.

வேகம் பிள்ளையை என்ன செய்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 2011-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலின் லில்லார்டும் ஜெனிஃபர் பீட்டர்சனும் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஒன்பது நிமிடம் ஸ்பான்ஜ்பாப் என்ற வேகமான கார்ட்டூனைப் பார்த்தது, ஒரு குழு மெதுவான கார்ட்டூன் ஒன்றைப் பார்த்தது, மூன்றாவது குழு படம் வரைந்தது. முடிந்ததும் கொடுத்த சிறு வேலைகளில், பொறுமையும் கவனமும் வேண்டிய இடங்களில், முதல் குழு தெளிவாகப் பின்தங்கியது. அந்த விளைவு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்பான்ஜ்பாப் 1999-ல் வந்தது. வேகம் நேற்று முளைத்த நோய் அல்ல, நம் குழந்தைப்பருவத்திலேயே இருந்தது. இன்று அது பொது விதியாக ஆகிவிட்டது. டோராவே 2024-ல் முப்பரிமாண உருவத்தில் திரும்பி வந்தபோது, ஒரு பகுதியின் நீளம் பழையதில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிட்டது.

கூட்டம்

அன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அஸர் தொழுகைக்குப் பிறகு ஓதப் போய், திரும்பி வரும் இடைவெளியில்தான் பெட்டி முன் உட்கார முடியும். இலவசப் பெட்டி வந்த பிறகும் எல்லா வீட்டிலும் டிவி இல்லை. மார்க்கப் பற்றினால் வேண்டாம் என்று வைத்த வீடுகளும் இருந்தன. அதனால் ஒரு பெட்டி முன்னால் மூன்று வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். ஒருவன் குள்ளநரியைப் பார்த்துக் கத்தினால் எல்லோரும் கத்துவார்கள்.

பிறகு மின்வெட்டு வந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. ஜாக்கி சான் பாதியில் அணைந்துவிடும். மறுநாள் கரண்ட் இருந்த தெருப் பையனைப் பிடித்து, "காக்கா, நேத்து அந்தக் கல்லு யாரு கைல போச்சு?" என்று கேட்க வேண்டும். அவன் சொல்வான். கை கால் ஆட்டிச் சொல்வான், இல்லாததையும் சேர்த்துச் சொல்வான். அந்தத் தொடரின் முதல் பருவத்தில் பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் பன்னிரண்டு மந்திரக் கற்கள் வரும். முயல் கல் வேகம் தரும், பாம்புக் கல் ஆளை மறைக்கும், சேவல் கல் பொருளைத் தூக்கும், நாய்க் கல் சாவை விலக்கும். ரயில் பாதையோரம் பொறுக்கிய ஜல்லியில் இந்தப் பன்னிரண்டையும் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். குரங்குக் கல்லின் சக்தி என்ன என்று தெரியாதவனை ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். பார்த்தது அரை மணி நேரம், அதை வைத்துப் பேசியதும் ஆடியதும் அந்த வாரம் முழுக்க.

இன்று என் ராத்தா வீட்டில் பிள்ளைகள் இருவர், கைபேசி இரண்டு. பெரியவன் ஒன்று பார்க்கிறான், சின்னவள் வேறொன்று பார்க்கிறாள். முடிந்ததும் அடுத்தது தானாக வருகிறது. எதுவும் தவறிப்போவதில்லை, அதனால் யாரிடமும் யாரும் கேட்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குக் கதை சொல்லும் சந்தர்ப்பம்தான் இதில் காணாமல் போயிருக்கிறது. பழைய கார்ட்டூனை நினைத்து ஏங்குபவர்கள் உண்மையில் ஏங்குவது பெரும்பாலும் இதற்கே. படத்தின் தரம் பிறகுதான்.

ஏக்கம் மறைப்பவை

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் காலத்தில் அடிதடி இல்லை என்பது சரியல்ல. 1940-ல் பிறந்த டாமும் ஜெர்ரியும் சுத்தியலும் வெடியுமாகவே வாழ்ந்தவர்கள். நம் காலத்தில் வியாபாரம் இல்லை என்பதும் சரியல்ல. 1983-ல் வந்த ஹீ-மேன் தொடரே மேட்டல் நிறுவனத்தின் பொம்மைகளை ஒட்டிப் பிறந்தது. ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்க்கிறது என்று இன்றைய பிள்ளையைக் குறை சொல்வதிலும் அர்த்தமில்லை. சுட்டி டிவி அதே பகுதிகளைத்தான் மாறி மாறிப் போட்டது. புளூஸ் குளூஸ் ஒரே பகுதியை வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பியது. திரும்பப் பார்க்கும்போதுதான் பிள்ளை முன்கூட்டிப் பதில் சொல்லும், தனக்குத் தெரியும் என்ற தெம்பைப் பெறும்.

இன்றைய வேலைகளில் அக்கறையும் இருக்கிறது. பழைய ஆங்கிலப் பாட்டில் ஜாக்கும் ஜில்லும் மலையிலிருந்து உருண்டு விழுவார்கள். சூசூ டிவி அந்தப் பிள்ளைகளை எழுந்து திரும்பவும் ஏற வைக்கிறது. ஜித்தாவிலும் லண்டனிலும் வளரும் அதிரைப் பிள்ளைக்கு இன்று நினைத்த நேரத்தில் தமிழ்ப் பாட்டு கிடைக்கிறது. அந்த வசதி 2007-ல் இல்லை. வெளியே கட்டுப்பாடுகளும் வந்திருக்கின்றன. பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டியதற்காக 2019-ல் அமெரிக்காவில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. மறு ஆண்டு முதல் பிள்ளைகளுக்கான காணொளிகளில் ஆள் பார்த்துக் காட்டும் விளம்பரம் நிறுத்தப்பட்டது. அதே 2019-ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்றது. நம் பெற்றோருக்கு இப்படி ஒரு அளவுகோல் யாரும் தரவில்லை.

யாருடைய ஊர்

இரண்டு காலத்துக்கும் பொதுவான குறை ஒன்று இருக்கிறது. ஏக்கத்தில் அது மறைந்துபோகிறது. ஹைதராபாத் கிரீன் கோல்டு நிறுவனம் 2008-ல் தந்த சோட்டா பீம் டோலக்பூரில் வாழ்கிறான், லட்டு தின்றால் அவனுக்குப் பலம் வரும். 2012-ல் வந்த மோட்டு சமோசா தின்றால்தான் அவனுக்கு மூளை வேலை செய்யும். இரண்டையும் தமிழ்க் குரலில் பார்த்து வளரும் அதிரைப் பிள்ளை, நோன்பு நாளில் சாயங்காலம் கஞ்சியோடு இறால் வைத்த வாடாவைத் தின்கிறது. அந்த வாடாவைத் தின்று பலம் பெற்ற ஒருவனை அது திரையில் பார்த்ததே இல்லை. உப்பளத்து வெள்ளை மேடு, குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று வாய்க்காலைப் பார்த்து நிற்கும் பக்கத்துக் கிராமம், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்துப்போட்ட தென்னந்தோப்பு, கடலுக்குப் போன வாப்பா திரும்பும் நேரம்: ஒரு நல்ல கார்ட்டூனுக்கு வேண்டிய ஆபத்தும் அழகும் நட்பும் இங்கே குவிந்து கிடக்கின்றன. அன்று டோராவின் காடு வந்தது, இன்று ஆங்கிலப் பாட்டின் மலை வருகிறது. டெல்டா வரவில்லை.

நம்மால் முடியாது என்று சொல்லவும் இடமில்லை. முழுநீள முப்பரிமாணத் தமிழ்ப் படமான "இனிமே நாங்கதான்", சுட்டி டிவி பிறந்த அதே 2007-ல் வந்தது. அரிமளத்தில் பிறந்த வாண்டுமாமா, பிள்ளைகளுக்கான சொந்தத் தமிழ்க் கதைகளையும் படக்கதைகளையும் பல பத்தாண்டுகள் எழுதினார். அரசிடம் 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. உலகமே பார்க்கும் அசைவூட்டக் கலைஞர்கள் சென்னையில் இருக்கிறார்கள். கதையும் மேடையும் கையும் தனித்தனியே நம்மிடம் இருக்கின்றன. அவற்றைச் சேர்க்க யாரும் முனையவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இது. பழைய கார்ட்டூன் எல்லாவற்றிலும் உயர்ந்தது அல்ல. அது மூன்றில் உயர்ந்தது: பிள்ளைக்குப் பதில் சொல்ல நேரம் விட்டது, தமிழில் நீளமாகக் கதை சொன்னது, பல பிள்ளைகளை ஒரே இடத்தில் உட்கார வைத்தது. இன்றையது இரண்டில் உயர்ந்தது: அதைச் செய்யும் திறமை நம் மண்ணுக்கு வந்துவிட்டது, எந்த நாட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் அது எட்டுகிறது. இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. சென்னையில் செய்த, தமிழில் பேசும், இருபது நிமிடம் நிதானமாக ஓடும், தஞ்சைக் கடற்கரையில் நடக்கும் ஒரு தொடருக்கு எந்தத் தடையும் இல்லை.

சுட்டி டிவி பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது வாப்பாவாகவும் உம்மாவாகவும் ஆகிவிட்டார்கள். அவர்கள் கையில்தான் பணமும் தேர்வும் இருக்கின்றன. தானாக வரும் அடுத்த காணொளியை நிறுத்திவிட்டு, கதை உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பிள்ளைகளையும் ஒரே திரை முன் உட்கார வைப்பது இன்றைக்கே முடிகிற காரியம். நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும், சொல்லு" என்று கேட்டுவிட்டு டோரா காத்திருந்த மாதிரி காத்திருப்பதும் முடியும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர்க் கதை தமிழில் வேண்டும் என்று தயாரிப்பவர்களிடமும் அரசிடமும் கேட்பது அதற்கு அடுத்த படி. நம் குழந்தைப்பருவத்தில் நமக்காகக் கேட்க யாரும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்காகக் கேட்க நாம் இருக்கிறோம்.